முகம் காட்டாத வெள்ளிக்கிழமைகள்

றெஜினோல்ட் கட்டாருக்கு வேலைக்குப் போய் மூன்று வருடமும் ஏழு மாதமும் ஆகியிருந்தது. இந்த நத்தார்ப் பண்டிகைக்குக் கட்டாயம் வருவேன் என்று ஜூலையில் அவன் சொன்ன நாளிலிருந்து அவன் மனைவி யசிந்தா அடிக்கடி கண்ணாடி பார்க்கத் தொடங்கினாள். மன்னாரின் அரிப்புக் கிராமத்துக் கடற்கரையில் கருவாடு காயவைப்பது அவளுடைய வேலை. காலையில் வெயிலுக்குள் குனிந்தால் பின்னேரம்தான் நிமிர்வாள். முப்பத்திரண்டு வயதுக்குள் கன்னமெல்லாம் கருந்திட்டுகள். கலியாணப் படத்தில் இருக்கும் முகம் இது இல்லை என்று அவளுக்குப் பட்டது.

சிலாவத்துறையில் தைத்துக் கொடுக்கும் ஒருத்தி முகம் வெளுக்கப் பூசும் கிறீமும் விற்றாள். வெள்ளைப் பிளாஸ்ரிக் டப்பா. அதில் பெயருமில்லை, திகதியுமில்லை.

"பதினைஞ்சு நாள் பூசிப் பாருங்கோ அக்கா. கொழும்பிலை எல்லாரும் உதுதான் பாவிக்கினம்."

முதல் கிழமை முகம் உண்மையாகவே வெளுத்தது. பத்தாம் நாள் எரிந்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று நினைத்து யசிந்தா இன்னும் தடிப்பாகப் பூசினாள். மறுநாள் விடிய இமைகள் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. கன்னத்தில் பொடிப்பொடியாகக் கொப்புளம். தொட்ட இடத்தில் தோல் உரிந்து வந்தது. பக்கத்து வீட்டிலிருந்த றெஜினோல்டின் அக்கா மெற்றில்டா அவளை பஸ்ஸில் ஏற்றி மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள்.

டொக்டர் டப்பாவை முகர்ந்து பார்த்தார். "உதை இண்டைக்கே எறியுங்கோ. என்ன கலந்திருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? வெயிலுக்குள்ளை போகாதேங்கோ. ஆறும், ஆனா மாதக்கணக்கா எடுக்கும்."

வெள்ளிக்கிழமை றெஜினோல்டுக்கு ஓய்வு நாள். அன்றைக்குத்தான் இருவரும் வீடியோவில் முகம் பார்த்துக் கதைப்பார்கள்.

"கமரா பழுதாப் போச்சப்பா," என்றாள் யசிந்தா.

அடுத்த வெள்ளியும் அதையே சொன்னாள். மூன்றாவது வெள்ளி அவன் விடவில்லை. "அக்கான்ரை போனிலை எடன்."

"அவ மன்னாருக்குப் போயிட்டா."

மெற்றில்டா பக்கத்தில்தான் நின்றாள். கதை முடிந்ததும் ஏசினாள். "உள்ளதைச் சொல்லிப்போடு. அவன் உன்ரை மூஞ்சைக்காகவே கட்டினவன்?"

"அவர் வாறதுக்குள்ளை ஆறிடும் மச்சாள். சொல்லிப்போடாதேங்கோ."

நாலாவது வெள்ளி றெஜினோல்டின் குரல் மாறியிருந்தது. "எனக்கு உண்மையைச் சொல்லு. உனக்கு ஏதும் நோய் வருத்தமோ?"

"ஒண்டுமில்லையெண்டு எத்தினை தரம் சொல்லுறது?" சீறி விழுந்துவிட்டாள்.

"சரி, கோவிக்காதை. நான் கெதியா வாறன்," என்றான்.

ஐந்தாவது வெள்ளி அவனிடமிருந்து அழைப்பு வரவில்லை. கோபமாக்கும் என்று நினைத்தாள். மத்தியானம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, வருவது வரட்டும் என்று ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, உரிந்த முகத்தோடு தானே அவனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். மூன்று தரம் அடித்து நின்றது. பின்னேரம் மெற்றில்டாவின் போனுக்குத்தான் செய்தி வந்தது. வேலைத்தலத்தில் மயங்கி விழுந்தவன் எழும்பவில்லை.

பெட்டி வந்துசேரப் பத்தொன்பது நாள் எடுத்தது. முகம் மட்டும் தெரியச் சின்னக் கண்ணாடி போட்டிருந்தார்கள். யசிந்தா முக்காட்டை விலக்கிக்கொண்டு அந்தக் கண்ணாடிமேல் குனிந்தாள்.

"இஞ்சை பாருங்கோ," என்றாள். "பாருங்கோவன். என்னைப் பாருங்கோ."

மெற்றில்டா பிடித்து இழுக்கும்வரை அதையே சொன்னாள். அழுதழுது வீங்கிய முகம் என்றே வந்தவர்கள் நினைத்தார்கள்.

தை மாதம் கனகரத்தினம் வந்தார். முருங்கன் ஊர்க்காரர், கட்டாரில் றெஜினோல்டோடு ஒரே அறையில் இருந்தவர். லீவில் வந்ததும் முதல் வேலையாக யசிந்தாவைப் பார்க்க வந்திருந்தார். அதற்குள் அவளுடைய முகம் ஆறிவிட்டது. காதடியில் மட்டும் ஒரு வெளிறல்.

"உங்கடை கதைதான் தங்கச்சி எந்த நேரமும்," என்றார். "அவளுக்கு ஏதோ பெரிய வருத்தம், எனக்கு மறைக்கிறாள் எண்டு ஒரே புலம்பல். நத்தார் வரைக்கும் பொறுக்கேலாது எண்டு, லீவை முந்தி எடுக்கிறதுக்காக ஓய்வு நாளிலையும் வேலைக்குப் போனவன். அந்த வெள்ளிக்கிழமை சரியான வெக்கை. போகாதை எண்டு நான் சொன்னனான், கேக்கேல்லை."

மெற்றில்டா நிலத்தைப் பார்த்தாள்.

"இப்ப உங்களுக்கு எப்பிடி? சுகமோ?"

யசிந்தா அவருடைய முகத்தைப் பார்த்தாள். பொய்யில்லாத கேள்வி. முகத்துக்குக் கிறீம் பூசினேன் என்று இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

"ஓம் அண்ணை. இப்ப சுகம்," என்றாள். "இருங்கோ, தேத்தண்ணி கொண்டுவாறன்."

அடுப்படிக்குப் போய் தண்ணீரை அடுப்பில் வைத்தாள். சுவரைப் பிடித்தபடி நிலத்தில் அமர்ந்துவிட்டாள். தண்ணீர் கொதித்துத் தளும்பும் சத்தம் கேட்டு மெற்றில்டா உள்ளே வந்தாள். அடுப்பை அணைத்தாள். யசிந்தாவுக்குப் பக்கத்தில் தானும் நிலத்தில் இருந்தாள்.