இலவசப் பிரதிக்கு ஓர் ஆள்

நோன்பு திறந்த கையோடு கஞ்சிக் கோப்பையை ஒதுக்கிவைத்த விரிவுரையாளர் அத்தாஉல்லா, தம் மனைவி ஃபாஹிமாவிடம் ஓர் ஆணை பிறப்பித்தார். நாளைய மேடையில் இலவசப் புத்தகம் வாங்குவதற்கு அகதிப் பிள்ளை ஒன்றை அவள் கூட்டிவர வேண்டும்.

புத்தளத்துக்கு அருகே மதுரங்குளியில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் இருவருமே கணக்கியல் கற்பித்தனர். அத்தாஉல்லாவின் அறிவுப்பணி தனிச் சிறப்புடையது. தம் பாடநூலின் மூன்றாம் அத்தியாயத்தை ஆண்டுதோறும் வேறோர் இடத்தில் செருகுவார். அட்டையின் நிறத்தை மாற்றுவார். அதனைப் புதிய பதிப்பு என்பார். பழைய பதிப்போடு வருபவருக்கு வகுப்பில் இடமில்லை. இவ்வாறு ஆண்டு முழுவதும் மாணவரைக் கறந்தவர், நோன்பு மாதத்தில் மட்டும் ஏழை ஒருவரை மேடையேற்றி, ஒரு பிரதியைத் தருமமாக நீட்டிப் படம் பிடித்துக்கொள்வார். ஈகை என்னும் சொல்லை இதைவிடக் கேவலப்படுத்துதல் அரிது.

"எங்கட வகுப்பு நஸ்லாட பேரக் குடுத்திருக்கன். மன்னார் அகதிகள்ட புள்ளதானே."

"அவ புத்தளத்துல பொறந்தவ," என்றாள் ஃபாஹிமா.

"எங்க பொறந்தா என்ன? முகாம்தானே."

தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது கைக்குழந்தையாக மன்னாரிலிருந்து படகேற்றப்பட்டவள் ஃபாஹிமா; அதே முகாமில் வளர்ந்தவள். அவள் கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாட்காலை நஸ்லா அவளைத் தேடி வந்தாள். அவளது கையில் மூத்த சகோதரியின் சென்ற ஆண்டுப் புத்தகம் இருந்தது.

"மிஸ், ராத்தாட புத்தகம் நல்லாத்தான் இருக்கு. மேடைக்கு ஏறித்தான் படிக்கணுமெண்டா, நான் படிப்ப உட்டுடுவன்."

ஃபாஹிமா அவளை அழைத்துக்கொண்டு வகுப்புக்குச் சென்றாள். பரீட்சைத்தாளைத் தயாரிப்பவள் தானே என்பதையும், எந்த ஆண்டுப் புத்தகமும் அதற்குப் போதும் என்பதையும் மாணவருக்கு அறிவித்தாள். தான் எழுதிய பயிற்சிக் கணக்குகள் அனைத்தையும் அவர்களுடைய தொலைபேசிகளுக்கு இலவசமாக அனுப்பினாள். தொலைபேசி இல்லாதவருக்காக நூலகத்தில் ஒரு பிரதியை வைத்தாள். வருடக்கணக்காக நடந்த கொள்ளையை நிறுத்துவதற்கு அரை மணித்தியாலம் போதுமாயிருந்தது.

மாலையில் மேடையில் நஸ்லாவின் பெயர் மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்டது. அவள் எழவில்லை. தேவையுடைய வேறெவரேனும் வரலாம் என்றார்கள். மண்டபம் அசையவில்லை. படப்பிடிப்பாளர் கமராவைத் தாழ்த்தினார். அத்தாஉல்லா மேடை விளிம்புக்கு வந்து, முன்வரிசையில் விரிவுரையாளர்களோடு இருந்த மனைவியை நோக்கிக் குனிந்தார். கையிலிருந்த ஒலிவாங்கியை அணைக்க வேண்டும் என்னும் அறிவு அவருக்கு அப்போது வேலை செய்யவில்லை.

"நீயாச்சும் வந்து வாங்கு புள்ள. நீயும் அவங்கட ஆள்தானே."

மண்டபம் முழுவதும் அதைக் கேட்டது.

"ஓம். அவங்கட ஆள்தான்," என்றாள் ஃபாஹிமா.

அவள் கதிரையை விட்டு எழுந்தாள். மேடைப் படிகளில் ஏறாமல் கடந்து, மாணவர் வரிசைக்குள் நுழைந்து, நஸ்லாவின் பக்கத்தில் அமர்ந்துகொண்டாள்.