உப்புப் பார்க்கும் தெரு

"உப்பு சரியா இருக்காட்டி?"

"சரியா இருக்கு."

"குடிச்சுப் பாத்துத்தான் சொல்லுதியா?"

"பின்னே? நாக்கே சுட்டுப் போச்சு, போ."

நானும் எதிர்வீட்டு நஸீபாவும் எட்டாம் வகுப்புப் படித்த வருடம், நோன்பு மாதத்தில் அநேகமாகத் தினமும் இதையே பேசிக்கொண்டோம். நோன்பு வைத்திருப்பவர்கள் ருசி பார்க்க மாட்டார்கள். அதனால் அவள் உம்மா சாயங்காலம் நாலு மணிக்கு, நோன்புக் கஞ்சியில் கறி சேர்ப்பதற்கு முன்பே எங்களுக்கென்று கொஞ்சம் எடுத்துத் தூக்குச்சட்டியில் கொடுத்தனுப்புவார். நாங்கள் சைவம் என்று அவருக்குத் தெரியும். நான் குடித்துப் பார்த்து உப்புச் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுக்கொண்டுதான் அவர் கறியைச் சேர்ப்பார்.

என் அம்மா அதை நம்பவில்லை. "கறி கெடந்த சட்டிதான அது? பொறவாசல்ல கொண்டு ஊத்து" என்பாள். ஊற்றுவேன். சட்டியைக் கழுவி, வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாதே என்று ஒரு கை சீனி போட்டு, வாசலில் நிற்கும் நஸீபாவிடம் நீட்டுவேன். சரியா இருக்கு.

இருபத்தேழாம் நோன்பன்று உம்மாவும் அவளும் ஒருவருக்கொருவர் தெரியாமல் உப்புப் போட்டிருக்கிறார்கள். அன்றும் நான் சரியாக இருக்கிறது என்றேன். கடையநல்லூரிலிருந்து அவர்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வேறு. விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள் முதல் வாயிலேயே கிண்ணத்தைக் கீழே வைத்ததை எங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

மறுநாளும் தூக்குச்சட்டி வந்தது. நஸீபா மட்டும் உப்பைப் பற்றிக் கேட்கவில்லை. அதன்பிறகு அவள் கேட்கவே இல்லை. அடுத்த வருடம் அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் தென்காசியை விட்டே போய்விட்டோம்.

முப்பத்து நாலு வருடம் கழித்து, போன மாதம் திரும்பி வந்தோம், நானும் என் கணவர் விஜயசங்கரும். புனேயில் பதினாலாவது மாடியில் இருந்தோம். கேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கே இரண்டு கிலோமீட்டர். கொத்தமல்லி வாங்கவும் கார் எடுக்க வேண்டும். எனக்குக் கார் ஓட்ட வராது. "நாலு எட்டு வச்சா கடை, கோயில், டாக்டர், நின்னு பேச நாலு பேரு. அப்படி ஒரு தெரு போதும்" என்று அவரிடம் கேட்டிருந்தேன். ஐந்தருவி ரோட்டில் காவலாளி போட்ட வில்லா ஒன்று அவருக்குப் பிடித்திருந்தது. எனக்காக அதை விட்டுக்கொடுத்தார்.

சீசன் இல்லாத குற்றாலத்தில், காலியாகக் கிடந்த ஒரு லாட்ஜில் தங்கி வீடு தேடினோம். பத்தாம் நாள் மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"கெடச்சிட்டு பிரியா! ஊருக்கு நடுவுல, மாடி வீடு. காலடி எண்ணிப் பாத்துட்டு வந்திருக்கேன். மருந்துக்கடை அறுவது. கோயில் முந்நூத்தி நாப்பது. பள்ளிவாசல் நூறு, சர்ச்சு இருநூறு. பரோட்டாக்கடை நாப்பத்திரெண்டு."

"பரோட்டாக்கடைய மட்டும் ரெண்டு தடவ எண்ணியிருப்பீங்க."

"தின்னுட்டுத் திரும்பும்போது கூடுதான்னு பாக்கணும்லா?" சிரித்தார். "வீட்டுக்காரம்மா கீழதான் இருக்காங்க. நஸீபான்னு பேரு. டீச்சராம்."

அடுத்து அவர் சொன்ன தெருப் பெயர் எங்கள் பழைய தெருவுடையது.

"அது வேண்டாம்" என்றேன்.

"ஏன்?"

உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். என் வாயில் அம்மாவின் குரல்தான் வந்தது.

"அங்கன நம்ம ஆளுக யாரும் இல்ல."

விஜயசங்கர் என்னையே பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு பார்வையை நான் அவரிடம் வாங்கியதில்லை. அவர் கண்ணில் நான் சின்னவளாகிப் போனது தெரிந்தது. அப்போதும் திருத்திச் சொல்லவில்லை. ஒரு கிண்ணம் கஞ்சிக்குப் பொய் சொன்னவள் என்பதைவிட இது பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. எவ்வளவு கேவலம்.

"நாளைக்கு வாரேன்னு அவங்கட்ட சொல்லியிருக்கேன்" என்றார். "இந்தக் காரணத்தச் சொல்ல என்னால முடியாது. நீயே வந்து சொல்லு."

மறுநாள் காரில் போனோம். கோயில் பக்கமாக வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம். தேய்ப்புக்காரர் ஒருவர் இஸ்திரி வண்டியை நகர்த்தி வழிவிட்டார். பூக்கட்டும் அம்மா யாரென்று தெரியாமலேயே "வெயில்ல எங்க போறிய?" என்று கேட்டாள். புனேயில் பதினெட்டு வருடம் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி.

நஸீபா கதவைத் திறந்தாள். காதோரம் நரைத்திருந்தது. இரண்டு விநாடிதான்.

"ஏட்டி… பிரியாவா நீ? சாரு, இவ உங்க வீட்டம்மாவா? நேத்தே சொல்லப்பிடாதா!"

விஜயசங்கர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அவளையும் பார்க்க முடியாமல், அவரையும் பார்க்க முடியாமல் செருப்பைக் கழற்றிக்கொண்டே நின்றேன்.

மாடியைக் காட்டினாள். கிழக்கே கோபுரம் தெரிந்தது, தெருவின் பேச்செல்லாம் கேட்டது. என் மனசு கேட்டதெல்லாம் அங்கே இருந்தது. அதனாலேயே அங்கே நிற்கக் கூசியது.

கீழே வந்தபோது சமையலறையிலிருந்து வெந்தயமும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் கலந்து மணத்தது. இதுவும் நோன்பு மாதம்தான், மணி நாலு.

"உம்மா எப்படி இருக்காங்க?"

"போயி ஆறு வருசமாச்சு. கடைசிவரைக்கும் உன்னக் கேப்பாங்கட்டி. அந்தப் பிள்ளைக்குக் கஞ்சி பிடிக்கல போல, சொல்லக் கூச்சப்பட்டிருக்கும், நாமதான் தெனம் குடுத்து வாட்டிட்டோம்பாங்க."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

நஸீபா விஜயசங்கரிடம் திரும்பினாள். "வீடு பிடிச்சிருக்கா சாரு?"

"எனக்குப் பிடிச்சிருக்கு. அவதான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்கா."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிருட்டி, அதுக்காவ என் மூஞ்சியப் பாக்காம நிக்காத."

"வீட்டுக்காக இல்ல" என்றேன். "நான் அத ஒருநாளும் குடிச்சதே இல்ல நஸீபா. எல்லாத்தையும் பொறவாசல்ல ஊத்திட்டு வந்துதான் சரியா இருக்குன்னு சொன்னேன். நேத்துகூட அதச் சொல்ல வெக்கப்பட்டு இவுககிட்ட வேற என்னமோ அசிங்கமாச் சொல்லிட்டேன்."

விஜயசங்கர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தெரியும்ட்டி" என்றாள் நஸீபா. "இருபத்தேழாம் நோம்பன்னிக்கே தெரியும். அதான் அப்புறம் கேக்கல. கேட்டா நீ பொய் சொல்லணும்லா?"

அவள் சமையலறைக்குள் போனாள். கரண்டி சட்டியில் படும் சத்தம் கேட்டது. நான் வாசற்படிவரை போய் நின்றேன்.

"இப்ப யாரு உப்புப் பாக்குதா?"

"யாரு இருக்கா? மக சென்னையில. கையளவுதான், ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும்." திரும்பாமலேயே சொன்னாள். "கறி இன்னும் போடல."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தப் பொய் எட்டாம் வகுப்பிலிருந்து நாக்கிலேயே கிடந்தது.

"எனக்கு ஒரு கரண்டி தாயேன் நஸீபா. குடிச்சுப் பாத்து உப்புச் சொல்லுதேன்."