குகையில் வைத்த பெயர்

யுத்தம் முடிந்த மறு வருஷம், தூத்துக்குடிக் கப்பல் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த சிவசுப்பிரமணியன் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினார். கொற்கைக்குக் கப்பல் வந்த காலத்துக் கதை. முத்துக்குளிக்கப் போனவனுக்காக ஒருத்தி கடலோரக் குகையில் காத்திருந்து உயிரை விடுகிறாள். அவள் பெயர் அருணாசலவடிவு. அந்தப் பெயரில்தான் அவர் மனைவி சங்கரம்மாளுக்குச் சந்தேகம் முளைத்தது.

ராஜா காலத்துக் கதையென்றால் முத்துநங்கை, பவளவல்லி என்று வைப்பார்கள். இவர் வைத்ததோ, ரேஷன் கடை வாசலில் கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கிற பெயர்.

சங்கரம்மாள் அப்போது ஐந்து மாதம். முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயரை வைப்பது அவர்கள் குடும்ப வழக்கம். ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. போதாததற்கு மாமியார் சண்முகத்தாய்க்கும் அவளுக்கும் உப்புப் போடுவதிலிருந்து உலை வைப்பது வரை தகராறு. ஆகவே சிவசுப்பிரமணியன், “உனக்குச் சங்கடம் வேண்டாம், அருணாசலவடிவுன்னு வச்சிருவோம்” என்றபோது அவள் சந்தோஷப்படுவாள் என்றே நினைத்தார்.

“பெத்த அம்மை பேரையே விட்டுக்கொடுக்கிற அளவுக்கு அந்தப் பேருல என்ன இருக்கு?”

“கதையில வந்த பேருளா. ஊரே கொண்டாடுது, வண்டி கட்டிப் போயி அந்தக் குகையைப் பாத்துட்டு வருது.”

“அப்ப அந்தக் குகையை நானும் பாக்கணும்.”

ஞாயிற்றுக்கிழமை அய்யாக்குட்டியின் மாட்டுவண்டியில் போனார்கள். செம்மணல் தேரி மேட்டைத் தாண்டியதும் கடல் திடீரென்று கண்ணை நிறைத்தது. பாறைக்கடியில் குகை. வெளியே அலையில் பட்ட வெயில் உள்ளே கூரையில் நெளிந்து நெளிந்து ஓடியது. குகை அழகாகத்தான் இருந்தது. அதுவே அவளுக்குப் பிடிக்கவில்லை. சுவரெல்லாம் வாசகர்கள் கரித்துண்டால் அந்தப் பெயரை எழுதி வைத்திருந்தார்கள்.

“போன வாரம் விளாத்திகுளத்துல இருந்து ரெண்டு வண்டி ஆளு வந்துது” என்றான் அய்யாக்குட்டி. “ஒரு அண்ணாச்சி தேம்பித் தேம்பி அழுதாரு. அந்தப் பிள்ளை இங்கனதான் செத்துச்சாம்.”

“செத்தவ மாதிரி தெரியலியே” என்றாள் சங்கரம்மாள், சுவரைப் பார்த்தபடி.

பாறை இடுக்கிலிருந்து கசிந்த நல்ல தண்ணீர் ஒரு குழியில் தெளிவாக நின்றது. அவளுக்குத் தாகம். செம்பு கொண்டுவர மறந்திருந்தார்கள். சிவசுப்பிரமணியன் வெளியே போய் குட்டையாக நின்ற வடலிப் பனையில் ஓர் ஓலையை ஒடித்து வந்தார். விரித்து மடித்தார், ஓரத்தைப் பல்லால் கிழித்து நாராக்கினார், முடிச்சையும் பல்லாலேயே இழுத்து இறுக்கினார். அப்படிக் கட்டிய ஓலைப்பட்டை நிறையத் தண்ணீர் மொண்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் நீட்டினார்.

சங்கரம்மாள் கை நீட்டவில்லை. கதையில் அருணாசலவடிவு இப்படித்தான் பட்டை கட்டினாள், பல்லால் முடிச்சிட்டு. இவரோ, பதநீர்க்காரர் கட்டிக் கொடுக்கிற பட்டையிலேயே குடிக்கத் தெரியாமல் சட்டையை நனைத்துக்கொள்கிறவர் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

“இதை யாரு சொல்லிக் குடுத்தா?”

அவருக்குக் காது சிவந்தது. “கல்யாணத்துக்கு முந்தி, ஆத்தூர்ல ஒரு பனைவிளைக்குப் போவேன். அவ்வளவுதான். அவ புருஷனோட கொழும்புக்குப் போயிட்டா.”

“எங்க போயிட்டான்னு நான் கேக்கலையே.”

அவள் பட்டையை வாங்கி, முடிச்சை நகத்தால் பிரித்தாள். தண்ணீர் காலடியில் கொட்டியது. பிறகு குழியில் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி வயிறு நிறையக் குடித்தாள். முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“பிள்ளைக்குச் சண்முகத்தாய்னு வைங்க.”

வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர். குகை அதை வாங்கி ஒரு தரம் திருப்பிச் சொன்னது.

“அம்மை பேரை நீ எப்படிளா கூப்பிடுவ?” என்றார் அவர், மெதுவாக.

“இப்பக் கூப்பிட்டேன்லா. உங்க அம்மைகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்.”

வண்டியில் ஏறும்போது பார்த்தாள். பிரிந்த ஓலை இன்னும் அவர் கையில் இருந்தது.

“அதை மாட்டுக்குப் போடுங்க” என்றாள்.