கம்பி வாத்தியம் வரும் இடம்

ஞாயிற்றுக்கிழமை என்று பெயர்தான். தீர்த்தகிரிக்கு மதியம் ஷிஃப்ட் இருந்தது. கம்பெனி பஸ் வருவதற்குள் அந்த ஒரு ரெக்கார்டைக் கேட்டாக வேண்டும். அதே தெருவில் இருந்த கரியப்பனோ தன் வீட்டில் தனக்குப் பிடித்த தட்டுகளை ஒவ்வொன்றாகச் சுழலவிட்டு, "இத கேளுடா, இத கேளு" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். ராயக்கோட்டையில் மைக்செட் வைத்திருந்த மனிதர். சிடி வந்து தொழில் படுத்தாலும் பழக்கம் லேசில் போகுமா?

தீர்த்தகிரி உட்காருவான், எழுவான், ஓசூர் வெயிலில் தெருமுனையை எட்டிப் பார்ப்பான்.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு? செத்த உக்காருங்களேன்" என்றாள் மனைவி சரிதா.

இவ்வளவு பாடும் அவளுக்காகத்தான். இளவயதில் கிருஷ்ணகிரிப் பாட்டுக் குழுவொன்றில் அவன் மேண்டலின் வாசித்தான். பெங்களூருக்குப் போய் ஓர் அம்மன் பாட்டைப் பதிவு செய்தார்கள். பல்லவி முடிந்ததும் வரும் மேண்டலின் இவனுடையது. பிறகு வேலைக்கு வந்த இடத்தில் பிரஸ் மெஷின் இடது கையில் இரண்டு விரல்களின் நுனியைத் தின்றுவிட்டது. அந்தக் கையோடுதான் சரிதாவுக்குத் தாலி கட்டினான். "ஆமா, பெரிசா வாசிச்சீங்க" என்று அவள் சிரிக்கும்போதெல்லாம் அந்த ரெக்கார்டை ஒருமுறை கேட்கவைத்துவிட வேண்டும் என்று அவனுக்கு இருக்கும்.

கடைசியில் அந்தத் தட்டு வந்தது. முள் துள்ளாமலிருக்க அதன் தலைமேல் ஓர் எட்டணாக் காசை வைத்து இறக்கினார் கரியப்பன். பல்லவி கணீரென்று ஓடியது.

"இப்ப வரும் பாரு சரிதா, இப்ப வரும்."

வந்தது வெறும் கொரகொரப்பு. மேண்டலின் இருக்கவேண்டிய நீளம் முழுக்க மணல் சலிப்பதுபோல இரைந்தது. பிறகு சரணம் சுத்தமாகத் தொடங்கியது.

"என்னண்ணா பண்ணி வெச்சிருக்கீங்க! மத்ததெல்லாம் நல்லாத்தான இருக்கு, என் எடம் மட்டும் ஏன் இப்பிடி?" தீர்த்தகிரி விருட்டென்று எழுந்தான்.

கரியப்பன் முள்ளைத் தூக்கிவிட்டுக் காசை எடுத்துக் கையில் உருட்டினார்.

"நான் என்னடா பண்ணட்டும்? எந்த ஊர் திருவிழாவுல போட்டாலும், 'அந்தக் கம்பி வாத்தியத்த இன்னொருக்கா வைப்பா'ன்னுதான் கேப்பாங்க. முள்ளத் தூக்கித் தூக்கி அங்கயே வெப்பேன். காசு பாரம் வேற. தேஞ்சே போச்சு."

தீர்த்தகிரி அப்போதுதான் உட்கார்ந்தான். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது, அவன் அசையவில்லை. சரிதா அவனுடைய இடது கையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"அண்ணா, அந்த எடத்தயே இன்னொருக்கா வைங்க" என்றாள்.