வராதவள் ஏந்திய தட்டு

வில்லியனூரைத் தாண்டி இருக்கும் ஒரு துணி சோப்புக் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக வாசலில் நிற்கிறேன். பிரிட்டோ என்று பெயர். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் வந்த மாதிரி காட்டிவிட்டு நழுவினார்கள் என்று ஒரு நீள நோட்டில் எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. சித்திரை மாதம் மேனேஜர் சாமிநாதன் அந்த நோட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

"இனிமே மனுசன் எழுத வேணாம்பா. மனுசன் பொய் சொல்லுவான், மெஷின் சொல்லாது."

சுவரில் கைரேகை மெஷின் ஏறியது. நான் அன்று சாயங்காலமே கடைத்தெருவில் புது நோட்டு ஒன்று வாங்கி, வழக்கம்போல எழுத ஆரம்பித்தேன். வீம்புதான், வேறென்ன!

லீவு போடுகிறவர்களை ஒழிக்கத்தான் மெஷின். நியாயம்தான். எங்கள் ஊரில் நடவு என்றால் பாதிப்பேர் வரமாட்டார்கள், தேர் என்றால் மீதிப்பேர் வரமாட்டார்கள். ஒரே மாதத்தில் பதினைந்து நாள் விரல் பதியாவிட்டால் வேலையிலிருந்து பெயர் தானாக நீங்கிவிடுமாம். அந்தத் 'தானாக'வைச் சொல்லும்போது மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டும், தலைப்பிள்ளை பிறந்த பூரிப்பு.

மெஷினால் கொழித்தவள் ஜெயசித்ரா. அவள் வீடு கம்பெனியின் பின்சுவரை ஒட்டி இருக்கிறது, சுவரில் ஒரு ஆள் நுழையும் ஓட்டையும் இருக்கிறது, வாசலில் நின்றாலே தெரியும். காலை எட்டு மணிக்கு விரலை வைப்பாள், மெஷின் "நன்றி" என்னும். ஓட்டை வழியாக வெளியே போய்க் கோயில் வாசலில் பூக்கடை போடுவாள். ஐந்து மணிக்குத் திரும்பி வந்து விரலை வைப்பாள், மறுபடியும் "நன்றி". எதற்குத்தான் நன்றி சொல்கிறதோ அந்தச் சனியன்!

மேனேஜரிடம் ஒருநாள் சொன்னேன்.

"சார், அந்தப் பொண்ணு உள்ள இல்ல சார்."

"சிஸ்டத்துல இருக்குது. நீ வாசலப் பாரு."

சரி, வாசலைப் பார்த்தேன்.

ஆரிபா வயிற்றெரிச்சல் வேறு. எட்டு வருடமாக சோப்புக் கட்டியை அறுத்து அடுக்குகிறவள். ஜெயசித்ரா மேஜை வேலையையும் அவள்தான் இழுத்துப்போட்டுச் செய்வாள். சோப்புக் காரம் பட்டுப் பட்டு அவள் விரல் நுனியில் ரேகை என்று ஒன்றும் மிச்சமில்லை, வழவழவென்று இருக்கும். கையுறை கேட்டாள். "கை வேகம் கொறஞ்சிடும்மா" என்றார் மேனேஜர். முதல் மூன்று மாதம் நாலு தடவை வைத்தால் ஒரு தடவை மெஷின் ஒப்புக்கொண்டது. ஆடி பிறந்ததும் அதுவும் நின்றுபோனது. "மீண்டும் முயற்சிக்கவும்" என்று ஒரு பெண்குரல் மட்டும் கொஞ்சும்.

"இன்னா சார் இது? எதுர்லயே நிக்கிறேன், வரலன்னு போடுதே!"

"நீ நிக்கிறது எனக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியணும் இல்ல?"

ஆரிபாவின் புருஷன் மாலிக் லாரியில் அடிபட்டு ஒரு வருடமாகப் படுத்திருக்கிறான். அந்த வீட்டில் அடுப்பு எரிவது இவள் வேலையால். ஆடி மூன்றாம் வெள்ளி அவளுக்குப் பதினைந்தாம் நாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பெயர் போய்விடும்.

அதே வெள்ளிக்கிழமைதான் விழா. லீவே போடாத தொழிலாளிக்குச் சென்னை முதலாளி கையால் மாலையும் கேடயமும். மாலை வாங்க என்னைத்தான் அனுப்பினார்கள். வேறெங்கே போவேன், ஜெயசித்ரா கடைக்குத்தான்.

"யாருக்குண்ணா மாலை?"

"உனக்குத்தான். மூணு மாசமா ஒரு நாள் லீவு போடலியாம் நீ. இன்னிக்கு மேடையில கூப்புடுவாங்க."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தேங்காய்க்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஆடி வெள்ளிக்கெழம கடைய வுட்டுட்டு எப்புடிண்ணா வர்றது? நீயே வாங்கி வையி" என்று சொல்லி ஒரு ரோஜாவைக் கூடுதலாகச் செருகினாள்.

நான் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்ல வேண்டும்? நான் மனுசன், பொய் சொல்லுவேன்.

தட்டு ஏந்த ஆள் தேடினார் மேனேஜர். வேலையில் இருப்பவர்களை முன்கூட்டியே கூப்பிட்டால் உற்பத்தி கெடுமாம், ஆரிபாதான் சிஸ்டத்திலேயே இல்லையாம். ஆகவே மாலையை வைத்த தட்டோடு அவளை மேடையில் நிறுத்தினார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள். கண் கலங்கித்தான் இருந்தது.

"ஜெயசித்ரா!" என்று மைக்கில் கூப்பிட்டார். ஒருவரும் எழவில்லை. இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். கூட்டத்தில் ஒரு மூலையில் சிரிப்பு கிளம்பி நாலு பக்கமும் பரவியது. மேனேஜருக்குக் கழுத்தெல்லாம் வேர்வை. ஆரிபா பக்கம் குனிந்து கிசுகிசுத்தார், மைக்கை மூட மறந்துபோய்.

"ஜெயசித்ரான்னு சொல்லி நீயே வாங்கிக்கம்மா. போட்டோ எடுத்தா போதும்."

ஆரிபா தட்டை மேஜைமேல் வைத்தாள்.

"நான் எப்புடி சார் வாங்கறது? நான்தான் இன்னிக்கு வரலியே. பதினைஞ்சு நாளா வரலியே நானு!"

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னய்யா சொல்றாங்க?" விடுவேனா? நோட்டை எடுத்துக்கொண்டு மேடைக்கே போனேன். நாள் தவறாமல் முதல் வரியில் ஆரிபா, ஏழு நாற்பது. ஜெயசித்ரா எட்டு மணிக்கு வந்ததும் எட்டு ஐந்துக்குப் போனதும் கீழே. முதலாளி படித்தார். பிறகு ஆரிபாவை மெஷினிடம் கூட்டிக்கொண்டு போய்ப் பத்து விரலையும் வைக்கச் சொன்னார். பத்து தடவையும் அது கொஞ்சியது. அவள் கையைத் திருப்பி விரல் நுனிகளைப் பார்த்தார்.

"பெயரை எடுக்காதீங்க. திரும்ப நோட்டே போடுங்க" என்றார் மேனேஜரிடம். பிறகு மாலையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

ஆரிபா வாங்கவில்லை. "மாலை வேணாங்க. எட்டு வருசமா கேக்கறேன், ஒரு ஜோடி கையுறை குடுங்க" என்றாள்.

மாலையை வீணாக்க மனம் வரவில்லை. மெஷின் மேல் மாட்டினேன்.

மறுநாள் எட்டு மணிக்கு ஜெயசித்ரா வந்து விரலைத் தூக்கினாள். மெஷின் அணைந்து கிடந்தது.

"இன்னாண்ணா, நான் கட்டுன மாலையாச்சே இது? யாரு செத்தா?"

நான் நோட்டை விரித்து நீட்டினேன். "கையெழுத்தப் போடு. சுவத்து ஓட்டைய நேத்தே அடைச்சாச்சு" என்றேன்.