பதினோராம் நிமிஷம்

சைக்கிள் கடைக்காரர் ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் மலையேற்றப் போட்டியில் ஓட்டுகிறவர்கள் யாரும் நேரம் பார்க்கக் கூடாது. கைக்கடிகாரம், போன், ஹேண்டில்பாரில் மாட்டும் மீட்டர் எல்லாவற்றையும் காலையிலேயே கடை வாசலில் இருக்கும் பச்சை வாளியில் போட்டுவிட வேண்டும். "மூச்சைப் பார்த்து மிதிங்க, முள்ளைப் பார்த்து மிதிக்காதீங்க" என்பார் கடைக்காரர்.

நேரம் பார்ப்பதற்கென்று இரண்டே பேர். அடிவாரத்தில் ஆட்களைக் கிளப்பிவிட ஒருவர். நான்கு கிலோமீட்டர் மேலே, தண்ணீர்த் தொட்டியருகே, நர்ஸம்மா. இருவர் கையிலும் நொடி பிசகாமல் ஒத்துப்போகும் கடிகாரங்கள். முதல் ஆள் ஆறு மணி ஒரு நிமிஷத்துக்குக் கிளம்புவார், இரண்டாவது ஆள் ஆறு இரண்டுக்கு. இப்படி முப்பது பேர். முதுகில் குத்தியிருக்கும் எண்தான் கிளம்பிய நிமிஷம் என்பதால் கீழே எதையும் எழுதி வைக்கும் வேலையே கிடையாது. மேலே வந்து சேர்ந்த நேரத்திலிருந்து முதுகு எண்ணைக் கழித்தால் கணக்கு முடிந்தது.

பன்னிரண்டாம் எண் டெய்லரக்காவுடையது. வயது நாற்பத்தாறு. தையல் மிஷினுக்கு மோட்டார் வைத்த நாளிலிருந்து காலுக்கு வேலையில்லாமல் போய்விட்டது என்று சைக்கிளை எடுத்தவள். கடைக்குள், டயர்கள் தொங்கும் சுவருக்கு நடுவே, ஒரு மரப்பலகை உண்டு. இருபது நிமிஷத்துக்குள் மலையேறியவர்களின் பெயர் மட்டும் அதில் ஏறும். ஐந்து வருஷமாக அவள் அந்தப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷம் இருபது ஐம்பத்தொன்று. ஐம்பத்தொரு நொடியும் ஐம்பத்தொரு ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தது.

வழக்கமாகக் கீழே நின்று கிளப்பிவிடுகிற கடைக்காரரின் மச்சானுக்கு இந்த வருஷம் காய்ச்சல். அதனால் அவள் தன் வீட்டுக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஷேர் வேன் ஓட்டுகிற மனுஷர். சைக்கிள் விஷயத்தில் அவருக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. "மேல போயிட்டுத் திரும்பக் கீழதானே வரப் போறீங்க, அதுக்கு எதுக்குடி இந்த அவசரம்?" என்று கேட்கிறவர். இருந்தாலும் நேரம் என்றால் நேரம். அவர் வேன் கிளம்புவதை வைத்து எதிர்க்கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவார்.

அன்று காலை அவள் மிதித்த மிதி அவளுக்கே தெரியும். மூன்றாவது வளைவில் நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. கடைசி ஏற்றத்தில் கண்ணில் வியர்வை இறங்கி, தொட்டி இரண்டாகத் தெரிந்தது. கோட்டைத் தாண்டி, சைக்கிளோடு அப்படியே புல்லில் சாய்ந்தாள். நர்ஸம்மா பென்சிலால் கழித்துப் பார்த்தாள். இன்னொரு தடவையும் கழித்துப் பார்த்தாள்.

"அக்கா, பத்தொன்பது முப்பத்தெட்டு!"

"அடியே, சரியாப் பாரு."

"பேஷண்டுக்கு நாடி பார்க்கிற கைக்கா இது. பத்தொன்பது முப்பத்தெட்டுதான்!"

டெய்லரக்கா எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏழரை மணிக்குக் கடைக்குள் கால் வைக்க இடமில்லை. நர்ஸம்மா எழுதிய தாளைக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தார்கள். முதலிடம் எலக்ட்ரீஷியனுக்கு, பதினைந்து முப்பத்தொன்று. அவர் இருபத்திரண்டாம் எண். இரண்டாமிடம் நாலாம் எண்ணான பெயிண்டருக்கு, பதினாறு இரண்டு. பெயிண்டருக்கு இது மூன்றாவது வருஷமாக இரண்டாமிடம்.

"இன்னைக்குக் காத்து நம்ம முதுகைப் பிடிச்சுத் தள்ளிச்சுப்பா" என்றார் போஸ்ட்மேன். "முட்டி வலியோட ஏறுறேன், போன வருஷத்தைவிட ஒரு நிமிஷம் கம்மி!"

"எங்களுக்கு ஒரு காத்தையும் காணோமே" என்றார் பெயிண்டர். "ஆறு பத்துக்கு மேலதான் காத்து ஆபீஸ் திறந்துச்சோ?"

எல்லோரும் சிரித்தார்கள். பெயிண்டரும் சிரித்தார். ஆனால் டீ கிளாஸை உதட்டிலிருந்து எடுக்கவில்லை. பலகையில் பெயர் எழுதுவதும் அவர் வேலைதான். மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, ஏணியில் ஏறி முதலில் சாக்பீஸால் கோடு இழுத்தார். "அக்கா, 'டெய்லரக்கா'ன்னு எழுதவா, சொந்தப் பேரு எழுதவா?"

"சொந்தப் பேரு போட்டா யாருக்குய்யா தெரியும்?" என்றார் கடைக்காரர்.

அப்போதுதான் வேனை நிறுத்திவிட்டு அவள் வீட்டுக்காரர் வந்தார். டெய்லரக்கா எல்லோருக்கும் அக்கா என்பதால் அவர் எல்லோருக்கும் மாமா.

"வாங்க மாமா! முதல் வேலையே பிரமாதம்!"

"பிரமாதம் இல்லாம?" என்றார் அவர், டீயை வாங்கிக்கொண்டே. "முப்பதாவது ஆளை ஆறு இருபத்தொன்பதுக்கே ஏத்திவிட்டுட்டேன். ஒரு நிமிஷம் மிச்சம்."

யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. போஸ்ட்மேன் வேறு ஏதோ கேட்டார், பேச்சு வேறு பக்கம் போயிற்று. டெய்லரக்காவுக்கு மட்டும் கையிலிருந்த டீ ஆறிப்போனது போல இருந்தது. துணி வெட்டும்போது ஓர் இஞ்ச் தவறிவிட்டால், தைத்து முடிப்பதற்கு முன்பே அவள் கைக்குத் தெரிந்துவிடும். இதுவும் அப்படித்தான் தெரிந்தது.

அவரைக் கடையின் பின்பக்கம், ரிப்பேர் ஸ்டாண்டில் ஒரு சக்கரமில்லாத சைக்கிள் தொங்கும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏங்க, பதினோராம் நம்பர் வந்தாரா?"

"பேக்கரிக்காரரா? வரலை. இன்னைக்கு அடுப்பு ரிப்பேராம்."

"அப்ப பதினோராவது நிமிஷம் யாரை விட்டீங்க?"

"உன்னைத்தான். நீ பாட்டுக்கு முன்னால வந்து நின்னே. சும்மா எதுக்கு ஒரு நிமிஷம் நிக்கணும்? காலி சீட்டைப் பார்த்துக்கிட்டே வண்டி எடுக்கிற பழக்கம் எனக்கில்லை."

இத்தனை வருஷத்தில் ஆள் வரவில்லையென்றால் அந்த நிமிஷத்தைக் காலியாக விட வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருந்ததில்லை. மச்சானுக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியும். இவருக்கு எப்படித் தெரியும்? அவளாவது சொல்லியிருக்கலாம். அவள்தான் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தாளே.

மெதுவாக விளக்கினாள். பன்னிரண்டிலிருந்து முப்பது வரை எல்லோரும் ஒரு நிமிஷம் முன்னால் கிளம்பியிருக்கிறார்கள். அந்த ஒரு நிமிஷம்தான் எல்லோருக்கும் கம்மி.

அவர் முகம் சுருங்கியது. டீ கிளாஸை ஸ்டாண்டின் மேல் வைத்தார்.

"அப்ப உன்னோடது?"

"இருபது முப்பத்தெட்டு."

முன்பக்கம் சாக்பீஸ் கிறீச்சிட்டது. யாரோ 'டெ'க்கு இன்னும் கொஞ்சம் கொம்பு வேணும்யா என்றார்கள்.

"யாருக்கும் தெரியாது" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "தெரிஞ்சது நீயும் நானும். அஞ்சு வருஷமா நீ காலைல எந்திரிச்சுப் போறதை நான் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவர் அப்படிச் சொல்வாரென்று அவள் எதிர்பார்க்கவில்லை. கேலி பேசுகிற மனுஷர் இத்தனை நாளும் தூங்குவதாக அல்லவா நினைத்திருந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளுக்கு அது போதும் போலிருந்தது. பலகையும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும் என்று தோன்றியது. பிறகு எட்டிப் பார்த்தாள். பெயிண்டர் நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, அவள் பெயருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். தனக்கு வர வேண்டிய முதலிடம் தாளில் எலக்ட்ரீஷியன் பேரில் இருப்பது தெரியாமல், அவளுக்காக எழுத்து கோணாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலாம் நம்பர் உங்க வேலை கெடறதுக்கு முன்னாடி போனவருங்க" என்றாள். "அவரு நேரம் சரியான நேரம்."

அவர் தலையைச் சொறிந்தார். "நான் சொல்றேன். தப்பு பண்ணது நான்."

"நீங்க சொன்னா உங்களைத் திட்டிட்டு விட்டுருவாங்க. தாள் அப்படியே இருக்கும். நான் சொல்றேன்."

சொன்னாள். எலக்ட்ரீஷியன் முதலில் சிரித்தார். பிறகு தாளைப் பார்த்து விரலால் கழித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "என்ன மாமா இது" என்று மட்டும் கேட்டார். வேன்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "தப்புதான் தம்பி" என்றார். போஸ்ட்மேன் முட்டியைத் தடவி, "பார்த்தியா, நீ நல்லாத்தான் வலிச்சிருக்கே" என்று அதனிடம் சொன்னார். அதற்குத்தான் சிரிப்பு திரும்பி வந்தது, பாதி அளவில்.

பெயிண்டர் ஏணியை விட்டு இறங்கவில்லை. எட்டு நொடியோ பத்து நொடியோ பலகையைப் பார்த்தபடி நின்றார். பிறகு சட்டைக் கையால் சாக்பீஸை அழித்தார். அழிக்கும்போது, "முப்பத்தெட்டு நொடிதானேக்கா" என்றார், அவளைப் பார்க்காமல்.

கடைக்காரர் புதுத் தாள் எடுத்துக் கொடுத்தார். நர்ஸம்மாவுக்குக் கண் கலங்கி, எண் சரியாகத் தெரியவில்லை. அதனால் டெய்லரக்கா கதவருகே நின்று பழைய தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். பத்துப் பேர் வரைக்கும் மாற்றமில்லை. பதினொன்று வரவில்லை.

"பன்னிரண்டு" என்றாள். "இருபது முப்பத்தெட்டு."

நர்ஸம்மாவின் பென்சில் நின்றது.

"எழுதுடி. போன வருஷத்துக்குப் பதிமூணு நொடி கம்மி, அதுல சந்தேகமே இல்லை" என்றாள் டெய்லரக்கா. "அடுத்தது பதிமூணு, போஸ்ட்மேன்."