கலர் குடிக்கிற விருந்தாளி

இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் மனுசன் நிம்மதியாக நாலு வாய் சாப்பிட முடிகிறதா? இலையில் ரசம்கூட வந்திருக்காது, அதற்குள் நாற்காலிக்குப் பின்னால் ஒருத்தன் வந்து நின்றுவிடுகிறான். இடம் பிடிக்கிறானாம். அவன் மூச்சு நம் பிடரியில் படுகிறது. போன மாதம் காரைக்கால் மண்டபம் ஒன்றில், நான் மோருக்குக் கையைக் குழித்து வைத்திருக்கும்போதே ஒரு பொம்பளை தன் பையைக் கொண்டுவந்து என் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். எழுந்திரு என்று வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். முன்பெல்லாம் பந்தியில் வயசானவர் எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழுவார்கள். இப்போது யாருக்கும் யாரும் கண்ணில் படுவதில்லை. இந்த லட்சணத்தில், யார் வீட்டில் சாப்பிடலாம், யார் வீட்டில் சாப்பிடக்கூடாது என்று என்னைக் கேள்வி கேட்க என் வீட்டிலேயே ஒருத்தி முளைத்திருக்கிறாள்.

மதிவதனி, என் மகனுடைய மகள். பதினொன்றாவது படிக்கிறாள். அப்பனும் அம்மாவும் காலையில் வேலைக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருகிறார்கள். அதனால் அவளுக்குத் தோன்றுகிறதெல்லாம் என் தலையில்தான் விழும். நம்மூரில் பெட்ரோல் விலை குறைச்சல் என்றால் பக்கத்திலிருக்கும் நாகூர்க்காரர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்பாள். கிளிஞ்சல்மேட்டுக் கடல் மழைக்காலத்தில் மட்டும் ஏன் கலங்கிப்போகிறது என்பாள். அம்மாவும் வேலைக்குப் போய்விட்டுத்தானே வருகிறாள், வந்ததும் அவள் மட்டும் ஏன் அடுப்படிக்குப் போகிறாள் என்பாள். பஸ் ஸ்டாண்டில் குடித்துவிட்டுக் கிடப்பவர்களை வீட்டில் தேடமாட்டார்களா என்பாள். நான் எதற்கும் பதில் சொன்னதில்லை. பாதிக்குப் பதில் தெரியாது. தெரிந்ததைச் சொன்னாலும் அதற்குள்ளிருந்து இன்னொன்றைக் கிளப்புவாள்.

ஆடி மாதம் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தாள். எழுதி முடித்ததும் தலையணைக்கு அடியில் வைத்துவிடுவாள். பதினாறு வயதுப் பெண் பேச்சைக் குறைத்துக்கொண்டு நோட்டில் எழுதினால் என்ன அர்த்தம்? எனக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும். நான் படித்தது மூன்றாவது வரை. அச்செழுத்தைக் கூட்டிப் படிப்பேன். கையெழுத்து என்றால் எறும்பு ஊர்கிற மாதிரிதான். அவள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து நோட்டை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு காதர் பாட்சாவின் சைக்கிள் கடைக்குப் போனேன். எவன் என்று பார்த்துச் சொல் என்றேன்.

காதர் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினான். நாலைந்து பக்கம் புரட்டினான். பிறகு சிரித்தான்.

"எவனும் இல்ல பூமி. நீதான்."

விசயம் இதுதான். கருப்பையன் எங்கள் வயலில் நாற்பது வருசம் பாடுபட்டவன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு. அவன் பேத்தி அல்லியும் மதிவதனியும் ஒரே வகுப்பு, பஸ்ஸில் ஒரே சீட்டு. வைகாசியில் கருப்பையன் தெற்குத் தெருவில் மாடி வைத்த மெத்தை வீடு கட்டிக் குடிபோனான். நான் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஆட்கள் அந்தத் தெரு விசேசத்துக்குப் போனால் ஒரு முறை உண்டு. போவோம், உட்காருவோம், நல்லா இருங்கள் என்போம். சாப்பிடமாட்டோம். அதற்காக அவர்கள் கடையிலிருந்து கலர் பாட்டில் வாங்கி வந்து, நம் கண் முன்னால் மூடியைத் திருகித் திறந்து தருவார்கள். கடக்கென்று அந்தச் சத்தம் கேட்க வேண்டும். கேட்டால்தான் வேறு கை படாதது என்று அர்த்தம். பாதி குடித்துவிட்டு எழுந்து வருவோம். அன்றைக்கு வெயில். மதிவதனி ஒரு பாட்டில் கலரை முழுசாகக் குடித்தாள். மறுநாள் அல்லி பஸ்ஸில் வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

காதர் அந்தப் பக்கத்தை நிறுத்தி நிறுத்திப் படித்தான். மூடி திறக்கிற சத்தம் கேட்டபோது அல்லி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு அப்போது அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியாது, தாத்தாவுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே எப்படித் தொண்டையில் இறங்குகிறது என்று எழுதியிருந்தாள்.

"எம் மவ நிக்காவுல பிரியாணிய ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்ன ஆளு நீ," என்றான் காதர். "அதுக்கு யாரு ஒனக்கு மூடி தொறந்தா?"

அது வேறு, இது வேறு என்று நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். நோட்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன். தலைகீழாக வைத்துவிட்டேனோ என்னமோ, அன்று ராத்திரி சோறு போடும்போது அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஆவணி பிறந்ததும் கருப்பையன் பத்திரிகை கொண்டுவந்தான். அல்லியின் அக்காவுக்குக் கல்யாணம். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றான். மதிவதனி ஓடிப்போய், உள்ள வாங்க தாத்தா என்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். இருக்கட்டும்மா என்று சொல்லிப் பத்திரிகையை நீட்டிவிட்டுப் போனான்.

அவன் தெருமுனை திரும்பியதும் அவள் என் எதிரில் வந்து நின்றாள்.

"நான் அங்க சாப்புடப் போறேன் தாத்தா. ஒங்களுக்குப் புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க."

"சொன்னா போவமாட்டியா?"

"போவேன். ஒங்ககிட்ட சொல்லாம போவக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

அப்பனிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டாளாம். அவனும் சரியென்று சொல்லிவிட்டானாம். வீட்டில் எனக்கு மட்டும்தான் ஒன்றும் தெரிவதில்லை.

எனக்குக் கோபம் எதில் என்றால், எங்கள் தெருவில் இருபது வீடு. அந்த இருபதில் கருப்பையன் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகிறவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் ஆள் மூலம் சொல்லி அனுப்புவதோடு சரி. அது கணக்கில் வராதா? என்னைப் பாம்பு கடித்தபோது தோளில் போட்டுக்கொண்டு வரப்போடு ரோடு வரைக்கும் ஓடியவன் அவன். அவன் வேர்வையெல்லாம் என் மேல்தான். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உயிர் போகிற நேரம். சோறு அப்படியா? சோறு நாலு பேர் பார்க்க உட்கார்ந்து தின்கிறது. என் அப்பா சாப்பிடவில்லை, நான் சாப்பிடவில்லை. இதில் நான் புதிதாக எதையும் கண்டுபிடித்து வைக்கவில்லை.

முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டு வாசலிலிருந்து தெரு முழுக்கப் பந்தல். பந்தல் வாசலை ஒட்டி எங்களுக்கென்று தனியாக இரண்டு சிவப்பு நாற்காலி, துடைத்துப் போட்டிருந்தது. போனதும் என்னைப் பார்த்துவிட்டு நாலைந்து இளவட்டங்கள் போன் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தாலி கட்டி முடிந்து பந்தி ஆரம்பித்தது. அல்லி பாவாடை தாவணியில், கையில் இலைக்கட்டோடு நின்றாள். எங்களைப் பார்த்தாள். கிட்டே வரவில்லை. என் பக்கத்தில் மதிவதனி கைக்குட்டையைச் சுற்றிச் சுற்றிக் கயிறாக்கிக்கொண்டிருந்தாள்.

கருப்பையன் இரண்டு கலரோடு வந்தான். ஒன்றைத் திருகினான். சத்தம் வந்தது. என்னிடம் கொடுத்தான். இரண்டாவதை எடுத்து மூடியில் கையை வைத்தான். அந்தக் கையின் மேல் மதிவதனி தன் கையை வைத்தாள்.

"வேணாம் தாத்தா. எனக்குப் பசிக்குது."

அவன் கையை எடுக்கவும் தெரியாமல் திருகவும் தெரியாமல் அப்படியே நின்றான். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். கருப்பையன் என்னைப் பார்த்தான். அவன் விரல் மூடியிலேயே இருந்தது. கதிர் அறுக்கிற கருக்கரிவாள் பிடித்துப் பிடித்து நகம் மடங்கிப்போன விரல்.

"பசிக்குதுங்குதுல்ல," என்றேன். "போவட்டும்."

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவள் போய் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அல்லி வந்து இலையைப் போட்டாள். முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீர் தெளிக்கக்கூடச் சொல்லாமல் அடுத்த இலைக்குப் போனாள். மதிவதனி தானே இலையைத் துடைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். போச்சு, இந்தப் பிள்ளை அழப்போகிறது என்று நினைத்தேன். சோறு வந்தது. சாம்பார் வந்தது. பிசைந்து வாயில் வைத்தாள். வரிசையின் கடைசிவரைக்கும் போன அல்லி அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள். அப்புறம் வடைத் தட்டை ஒருவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து மூன்று வடையை அவள் இலையில் வைத்தாள். போதும் போதும் என்று இவள் கையை விரித்து மறைக்க, விரலிடுக்கு வழியாக நாலாவதையும் சொருகினாள். இரண்டு பேரும் என்ன பேசினார்களோ, எனக்குக் கேட்கவில்லை. இரண்டு தலையும் ஒட்டிக்கொண்டு குலுங்கின.

பிறகு அல்லி நேராக எங்களிடம் வந்தாள். என்னைப் பார்க்காமல் தன் தாத்தாவிடம், நீ நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல, மயக்கம் போட்டு விழப்போறியா என்று சத்தம் போட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மதிவதனிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

நாற்பது வருசத்தில் கருப்பையன் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வரப்பில் உட்கார்ந்திருக்கிறான், குந்தி. இங்கே நாற்காலியின் நுனியில் பாதி உடம்பை வைத்து, பாதியைக் காலில் தாங்கிக்கொண்டிருந்தான். துண்டு மறுபடி கக்கத்துக்குப் போய்விட்டது. இலையில் சோறு விழுந்தது. சாம்பார் ஊற்றினார்கள். ஆவி பறந்தது. அவன் கையை வைக்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். மதிவதனி அவனைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை, கோபமும் இல்லை. என்ன இருந்தது என்று நோட்டில் எழுதினாலும் எழுதுவாள்.

நான் இருக்கிற வரைக்கும் அவன் சோற்றில் கை வைக்கமாட்டான்.

பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அவனும் எழப் பார்த்தான்.

"உக்காந்து சாப்புடு," என்றேன். "புள்ள மெதுவா வரட்டும்."

வழியனுப்ப அவன் எப்போதும் என் பின்னாலேயே தெருமுனை வரைக்கும் வருவான். இன்றைக்கு நான் மட்டும்தான் நடந்தேன். ஒரு வேளைச் சோற்றில் என்ன மாறிவிடப்போகிறது? எனக்கு ஒன்றும் ஒப்பவில்லை. நாளைக்குக் காலையில் எங்கள் தெருவில் கேட்பார்கள், உன் பேத்தி அங்கே உட்கார்ந்து தின்றதாமே என்று. பதில் சொல்ல வேண்டியவன் நான். சின்னப் பிள்ளைகளுக்கு என்ன, கேள்வியை எழுதி வைத்துவிட்டுத் தூங்கிவிடும்.

பின்னால் சாம்பார் வாளியில் கரண்டி இடிக்கிற சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் அவன் எழுந்து நின்றுவிடுவான். வாய்க்கால் மதகு வருகிறவரைக்கும் நான் திரும்பாமல் நடந்தேன்.